மின்தூக்கி அருகே இருக்கும் அந்தப் பெட்டி

முப்பது ஆண்டுகள் சிங்கப்பூர் ஜூரோங்கில் மின்னணுத் தொழிற்சாலையில், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென விடும் மின்தேக்கிகளோடு காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டாருக்கு ஏஇடி என்ற, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவியைப் பழக்கிக் கொடுக்கிறேன். இரண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் 2015 முதல் வைக்கத் தொடங்கிய பெட்டி அது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேர் தீயணைப்புச் சாமான் என்று நினைத்திருந்தார்கள்.

நின்றுபோன இதயத்தை இது ஓட வைக்கும் என்று நம்புவது தவறு. திடீரென விழுகிறவர்கள் பலருக்கு முதல் சில நிமிடங்களில் இதயம் நின்றிருக்காது. கீழறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் வெளியே போகாது. கூச்சல் போடும் வகுப்பில் வாத்தியார் மேசையில் ஓங்கி அடிப்பாரே, மின்னதிர்ச்சி செய்வதும் அதைத்தான். எல்லாத் தசைகளும் ஒரு கணம் அடங்க, இதயத்தின் இயல்பான முடுக்கி மீண்டும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வழி கிடைக்கிறது.

உள்ளே இருப்பது எனக்குப் பழகிய சமாச்சாரம்: ஒரு மின்கலம், ஒரு பெரிய மின்தேக்கி, இதயத்தின் மின்னலையைப் படிக்கும் சிறு கணினி. பழைய கேமரா ஃபிளாஷ் கீச்சிட்டு நிரம்புவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இப்போதைய கருவிகளில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்து உடனே எதிர்த்திசையில் திரும்புகிறது. அதனால் பழைய வகைக்குத் தேவைப்பட்ட 360 ஜூல் இல்லாமல், 120 முதல் 200 ஜூலிலேயே வேலை முடிகிறது.

மருத்துவமனையில் இருப்பது வேறு வகை. அங்கே அலையைப் படிப்பதும் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவர். நெஞ்சுக்குள் பொருத்துவது இன்னொன்று. மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் உருவாக்கிய அதை, 1980ல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். உடுப்பைப் போல அணிந்துகொள்ளும் வகையும் உண்டு.

ஒருவர் விழுந்தால் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். விட்டுவிட்டுத் திணறுவது மூச்சாகாது. ஒருவரைப் பெட்டிக்கு ஓடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

பெட்டி வந்ததும் கருவியை இயக்குங்கள், அது பேசும். ஒட்டுப்பட்டை ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். வியர்வையைத் துடையுங்கள், மருந்துப் பட்டை இருந்தால் உரித்து எறியுங்கள். தோலுக்கடியில் கருவி புடைத்துத் தெரிந்தால் மூன்று நான்கு விரற்கடை தள்ளி ஒட்டுங்கள். தாலியை ஒதுக்கினால் போதும், ரவிக்கையை வெட்டத்தான் வேண்டும். வகுப்பில் ஓர் அம்மா, "ஊர் பார்க்கவா வெட்டுவது?" என்று கேட்டார். "ஊரை முதுகு காட்டி வட்டமாக நிற்கச் சொல்லுங்கள், அம்மா" என்றேன். சிரித்தார், ஆனால் அடுத்த முறை கத்தரிக்கோலை முதலில் எடுத்தவர் அவர்தான்.

கருவி அலையைப் படிக்கும்போதும் அதிர்ச்சி தரும்போதும் யாரும் தொடக்கூடாது. அதிர்ச்சி முடிந்த உடனே மறுபடியும் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே மீண்டும் படிக்கும்.

இங்கேதான் நான் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து புளோக்கில் ஒரு பெரியவர் விழுந்தார். "அதிர்ச்சி தேவையில்லை" என்ற பொருளில் கருவி சொன்னதும், பிழைத்துவிட்டார் என்று எண்ணிக் கைகளை எடுத்துவிட்டோம். அது சொன்னது வேறு: அதிர்ச்சியால் அடக்கக்கூடிய நடுக்கம் இல்லை என்று மட்டும்தான். இதயம் அடியோடு நின்றிருந்தாலும் அது அதையேதான் சொல்லும். அரை நிமிடம் நின்று வேடிக்கை பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. மருத்துவ உதவியாளர்கள் வரும்வரை அழுத்தினேன். அவர் பிழைக்கவில்லை. அந்த அரை நிமிடத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் அந்த வாக்கியம் ஒலிக்கும்போதெல்லாம், எல்லோரும் அழுத்தத் தொடங்கும்வரை நான் அடுத்த பேச்சுக்குப் போவதில்லை.

ஞாயிறு காலை தோசை வாங்கப் போகும் வழியில் கருவியின் பச்சை விளக்கையும் ஒட்டுப்பட்டையின் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.