யாழ்ப்பாணத்துச் சிறுவர் இல்லத்திற்குத் தொண்டராகச் செல்லுமுன்

சிறுவர் இல்லமொன்றில் சில வாரங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எண்ணத்தோடு யாழ்ப்பாணம் செல்வதாக இருந்தால், பயணச்சீட்டு எடுப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்குங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நான்கு வார விடுமுறையில் 17 நாள்கள் அனுமதிக்காக அலைந்தே கழிந்தன. எஞ்சிய 11 நாள்கள்தான் பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

இலங்கையில் சிறுவர் இல்லங்கள் 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியவை. வடக்கில் அவற்றை மேற்பார்வை செய்வது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். ஆகவே இல்லத்து நிர்வாகி வட்ஸ்அப்பில் அன்போடு அனுப்பிய அழைப்பை நம்பி விமானம் ஏற வேண்டாம். பதிவிலக்கத்தை முதலில் கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கும் இடத்திற்குப் பணமும் அனுப்பாதீர்கள்.

நான் ஏறி இறங்கிய அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இல்லத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்றார்கள். இல்லத்துக்குப் போனால், அனுமதி வந்த பிறகுதான் கடிதம் தரலாம் என்றார் நிர்வாகி. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த காலம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்பட்டிருக்க, வெயிலில் நான்கு தடவை இரண்டு இடத்துக்கும் இடையே போய் வந்தேன். கடைசியில் "அனுமதிக்கு உட்பட்டு" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அவர் எழுதித் தந்த கடிதம் சிக்கலை அவிழ்த்தது. அந்த இரண்டு சொற்களையும் நீங்கள் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அடுத்து, என் பொலிஸ் நற்சான்றிதழ் பழையது என்று திருப்பித் தந்தார்கள். இணையத்தில் புதிதாக விண்ணப்பித்து, வீட்டுக்கு வந்ததை மனைவி துரித அஞ்சலில் அனுப்பி, அது என் கைக்கு வர ஒன்பது நாள்கள். அதற்குப் பிறகு, தங்கியிருக்கும் வீட்டை உறுதிப்படுத்த விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், கடிதம். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, பதினொரு வயதில் அப்பாவின் சைக்கிளைப் பிடித்தபடி நாவற்குழிப் பக்கம் நடந்தவன் நான். அன்று விட்டுப்போன அதே ஒழுங்கையில், பிறந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தங்கியிருப்பதற்கு அத்தாட்சி கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எல்லாத் தாள்களையும் நூலால் கட்டிக் கோவையில் போட்டபின் அந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் போனாப்பிறகு ஆர் படிப்பிக்கிறது?" என்று கேட்டார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. அலைக்கழித்த விதம் பிழைதான், ஆனால் யார் எவரென்று தெரியாத ஒருவரைப் பிள்ளைகளுக்கு நடுவே விடாமல் இருப்பது அவர்களுடைய கடமை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையும், குடும்பம் பிரிந்ததும், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன. "அம்மா எங்கே?" என்று கேட்காதீர்கள். படமும் எடுக்காதீர்கள். என் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளை அவருடைய படத்துக்கு முன்னால் நிறுத்தி வீடியோ அனுப்பும்படி பெரிய மாமி மூன்று தடவை தொலைபேசியில் சொன்னார். சாப்பாட்டுக்குக் காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன், வீடியோ எடுக்கவில்லை. மாமி இன்னும் என்னோடு பேசுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் திவசத்துக்காக வரிசையில் நிற்பது எந்தப் பிள்ளைக்கும் கூடாது. பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

மூன்று, நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால், பிள்ளைகளோடு நேரே பழகும் வேலையைக் கேட்காமல், கணக்குப் புத்தகத்தைச் சீராக்குவது, நூலக அலுமாரியை ஒழுங்கு செய்வது போன்றவற்றைக் கேளுங்கள். படிப்பிக்க ஆசையென்றால், வருடம் முழுவதும் மாலையில் வந்துபோகக்கூடிய உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை இல்லத்தின் ஊடாகப் பொறுப்பெடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். உத்தியோகத்தரின் கேள்விக்கு அப்போது என்னிடம் இருந்திருக்க வேண்டிய பதில் அது.

அப்படியும் வகுப்பில் நிற்க நேர்ந்தால், திரும்பிப் போகும் திகதியை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையொன்று, நுனி மழுங்கிய பென்சிலைப் பிடித்தபடி, "சேர், புதன்கிழமையும் வருவீங்களோ?" என்று கேட்டது. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். வருவேன் என்று சொன்னேன். ஏழாம் வாய்பாட்டில் பாதியில் நின்றிருந்தோம்.