அப்பாவின் டிராக்டரும் ஒரு செம்பு வாஷரும்

அப்பா வாங்கிய மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன் டிராக்டர். ஆடியில் உழவுக்கு இறக்கினால் ஐந்து நிமிடம் ஓடிவிட்டுத் திணறித் திணறி நின்றுவிடும். டீசல் பம்பையே கழற்றணும் என்றார் மெக்கானிக், எனக்கு மனசு வரவில்லை.

டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்திக் டீசலைத் தள்ளும் சின்னக் கைப்பம்பை அடித்தேன், டீசல் நுரை நுரையாக வந்தது. சரி, டீசல் குழாயில் காற்று புகுந்துதான் இன்ஜின் நிற்கிறது, ஆனால் எந்த வழியாக? குழாயெல்லாம் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரே ஒரு போல்ட் மட்டும் ஈரமாக இருந்தது, கழற்றினால் உள்ளே செம்பு வாஷரில் நகக்கீறல் போல ஒரு பள்ளம். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன் (செம்பு இப்படித்தான் இளகும், எஃகுதான் இறுகும்), உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து மாட்டினேன். அப்புறம் நுரை நிற்கும்வரை காற்றை எடுத்துத் திருகை இறுக்கினேன்.

அந்தப் பழைய டக் டக் சத்தம் கேட்டதும் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.