முதல் போன் வாங்கும் நாளில் பிள்ளையையும் கடைக்குக் கூட்டி வாருங்கள்

ஓ.எல். சோதனை முடிந்த கையோடு களுவாஞ்சிகுடியில் என் கடை நிரம்பிவிடும். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து அம்மாமார் பஸ் ஏறி வருவார்கள். பக்கத்தில் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை நிற்கும். "சோதனை முடிஞ்சா வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. மறுகா என்ன செய்யிற?"

ஆறு மாதம் கழித்து அதே அம்மா தனியாக வருவார். போன் சேலைத் தலைப்புக்குள் இருக்கும். "இத ஒருக்காத் திறந்து தாங்க தம்பி. உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு எனக்குத் தெரியணும்."

பதினான்கு வருடமாகப் போன் திருத்துகிறேன். ஒருமுறை அப்படித் திறந்து கொடுத்தும் இருக்கிறேன். அந்தப் பிள்ளையை எவனோ ஒருவன் படத்தை வைத்து மிரட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் கண்ணில் பட்டது படம் மட்டும்தான். வீட்டில் அடி விழுந்தது, போன் பறிபோனது. பிள்ளை கூட்டாளியின் போனிலிருந்து அவனோடு கதைத்து, காதுத் தோட்டை அடகு வைத்துக் காசு அனுப்பியிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. அதன்பின் போனின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் நான் எதையும் திறப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

ஆறு மாதம் கழித்துத் தனியாக வருவதைவிட, வாங்கும் அன்றே இருவரும் ஒன்றாக வந்தால் அரை மணித்தியாலத்தில் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

கடையில் வாங்குவதென்றால் காசு கொடுக்க முதல் *#06# அடியுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐஎம்ஈஐ (IMEI) இலக்கம் திரையில் வரும். IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்தப் 15 இலக்கங்களையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா இல்லையா என்று பதில் வரும். கடைக்காரன் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

அப்பா கத்தாரில் பாவித்துவிட்டு அனுப்பிய போன் என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். அதில் அப்பாவின் கூகுள் கணக்கு அப்படியே கிடக்கும், சிலவேளை அவருடைய வங்கி அட்டையும். பிள்ளை போன் விளையாட்டுக்குள் 'வைரம்' வாங்க வாங்க அங்கே ரியால் குறையும். பிள்ளைக்கு அது காசு என்றே தெரியாது. முதலில் அப்பாவின் கணக்கை நீக்குங்கள், அதன் பிறகு ரீசெட் அடியுங்கள். முறையை மாற்றிச் செய்தால் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிய போன்களால் எனக்கு நல்ல வருமானம், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

புதுக் கணக்குத் திறக்கும்போது பிறந்த திகதியை உண்மையாகப் போடுங்கள். பொடியன்கள் எல்லாருக்கும் 2000ஆம் ஆண்டில் பிறக்கத்தான் ஆசை. ரிக்ரொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவரின் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தெரியாதவர் உள்பெட்டிக்குள் செய்தி அனுப்ப முடியாது. பொய் வயது போட்டால் அந்த வேலி இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு விடயம் செய்யுங்கள்: குழுவில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுவது, ஆறு இலக்க இரண்டாம் பூட்டைப் போடுவது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அம்மாவுக்கும் வாசிக்க விளங்கும். பிள்ளைக்கு அது பிடிக்காது, வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும். அதைப் பெரிய சண்டையாக்க வேண்டாம்.

சிம் அனேகமாக அம்மாவின் அடையாள அட்டையில்தான் எடுக்கப்படும். அந்த இலக்கத்திலிருந்து எது போனாலும் முதலில் தேடி வருவது அம்மாவைத்தான். இதைப் பிள்ளைக்கு முன்னாலேயே நான் சொல்வதுண்டு. அந்த இடத்தில் பல பிள்ளைகளின் முகம் மாறும்.

டேட்டாவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. மலிவான பக்கேஜ்கள் பலவற்றில் பெரும்பங்கு இரவு டேட்டா, நள்ளிரவு 12 மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும். அம்மா காசை மிச்சம் பிடிக்க அதைப் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளை 12 மணி வரை காத்திருந்து விடிய விடிய முழித்திருக்கிறது. பிறகு "இரவெல்லாம் போன்தான்" என்று என்னிடம் வந்து முறையிடுகிறார். எந்த நேரமும் பாவிக்கக்கூடிய டேட்டாவைக் குறைந்த அளவில் போடுங்கள். சார்ஜரை விறாந்தையில் வையுங்கள், படுக்கும்போது போனும் அங்கேயே கிடக்கட்டும். அம்மாவின் போனும் பக்கத்தில் கிடந்தால்தான் இந்தச் சட்டம் நிற்கும், இல்லாவிட்டால் மூன்று நாளைக்குத்தான்.

அடுத்தது காசு. விளையாட்டுக்கு றீலோட் போடுவது சின்னச் சங்கதி. ஏ.எல். முடித்துவிட்டு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வருவதுதான் பெரியது. ரெலிகிராமில் "வீட்டிலிருந்தே வேலை" என்று வரும். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள், முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே வரும். மூன்றாம் நாள், பெரிய வேலை வேண்டுமென்றால் முற்பணம் கட்டு என்பார்கள். அதோடு போய்விட்டால் நட்டம் காசு மட்டும்தான்.

என் அக்காவின் மகனுக்கு வந்தது வேறு. அவன் கணக்குக்குக் காசு வரும், எடுத்து இன்னொரு கணக்கில் போட்டால் அவனுக்கு ஒரு பங்கு. "மாமா, நான் ஒண்டும் கட்டல்லயே, அவங்கதானே எனக்குத் தாறாங்க" என்றான். நானும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன், கையில் ஒரு சார்ஜிங் போர்ட் வேலை இருந்தது. மூன்றாம் கிழமை கணக்கு முடங்கியது. அது எங்கேயோ ஏமாந்த இன்னொருவரின் காசு. பொலிசுக்கு அழைத்தார்கள், மூன்று தடவை அவனோடு போய் வந்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு வீட்டில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் நேரத்துக்குச் சொல்லவில்லை. ஆகவே வங்கி அட்டை கையில் வரும் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: கணக்கையும் அட்டையையும் ஒருவருக்கும் இரவல் கொடுக்க ஒண்ணாது, கூட்டாளிக்கும்தான். கடன் செயலி எதையும் இறக்கும்போது அது தொடர்பு இலக்கங்களைக் கேட்டால் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தவணை பிந்தினால் முதல் அழைப்பு பெரியம்மாவுக்குப் போகும், அடுத்தது ரியூசன் மாஸ்டருக்கு.

படத்தை வைத்து மிரட்டினால் செய்ய வேண்டியதைப் போன் வாங்கும் நாளிலேயே கதைத்து வையுங்கள், அந்த நேரம் வந்தபின் யாருக்கும் மூளை வேலை செய்யாது. காசு அனுப்பக்கூடாது. ஒருமுறை அனுப்பினால் மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு அவனைத் தடை செய்ய வேண்டும். 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்றொரு இலவசச் சேவை இணையத்தில் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் கைரேகை மாதிரி ஓர் இலக்கம் மட்டும் போகும். அதை வைத்து பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். சிறுவர் உதவிக்கு 1929. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேட்டுப் போங்கள்.

வீட்டில் அப்பா இல்லை, அம்மாவிடம் சொல்லப் பயம் என்றால் பிள்ளை யாரிடம் போகும்? மாமாவா, மாமியா, பெரியம்மாவா? அந்தப் பெயரைப் பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் தேர்ந்தால் சரிவராது. என் கடையில் வைத்துக் கேட்டபோது ஒரு பொடிச்சி தயங்காமல் "அம்மம்மா" என்றாள். அம்மம்மாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானை அழுத்த மட்டும்தான் தெரியும். அம்மா சிரித்தார். நான் அம்மம்மாவின் இலக்கத்தை அவசர அழைப்பில் போட்டுக் கொடுத்தேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குத் திருக்கதவு திறந்தால் கடைசியில் திருக்குளிர்த்தி முடியும் வரை கடைப்பக்கம் ஒரு பொடியனையும் காண முடியாது, றீலோட்டும் விற்காது. நானும் அந்த நாட்களில் கடையைப் பூட்டிவிடுவேன். மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன் வாருங்கள், அதன்பின் ஆறுதலாக இருந்து கதைக்க நேரம் கிடைக்காது.