ஒரு கழகம் போதும், ஒரு பொறுப்பு வேண்டும்

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு மதிப்பெண் தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்துக்காக ஓடிய பிள்ளைகள், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்துக்குள் நுழைந்ததும் ஒன்று அறையே கதியென்று கிடப்பார்கள், இல்லையென்றால் முதல் வாரமே ஐந்தாறு மாணவர் கழகங்களில் பெயர் கொடுத்துவிட்டு விழிப்பார்கள்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு கழகம் போதும். ஆனால் அதில் ஒரு பொறுப்பை எடுங்கள். என்னைக் கேட்டால் பொருளாளர். யாரும் விரும்பாத வேலை, அதனால் சுலபமாகக் கிடைக்கும். பொங்கல் விழாவுக்கு வாங்கிய கரும்பு, பானை, கூடார வாடகை என்று எல்லா ரசீதையும் மைலோ டின்னில் போட்டு வைத்து, ஏழு ரிங்கிட் எங்கே இடிக்கிறது என்று நடுராத்திரியில் மூன்றாவது தடவை எண்ணியிருந்தால், வேலை நேர்முகத்தில் ‘குழுவில் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விக்குத் திக்க மாட்டீர்கள்.

அப்புறம் சான்றிதழ். விழா முடிந்த வாரமே கேட்டு வாங்கி, படம் பிடித்து, எத்தனை பேர் வந்தார்கள், நீங்கள் செய்தது என்ன என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று நான் விட்டுவைத்தேன். அதற்குள் கழகச் செயலாளர் படிப்பு முடிந்து, பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்!

விழாத் தேதி குறிக்கும் கூட்டத்துக்குக் கல்வி நாட்காட்டியோடு போங்கள். ஜனவரியில் பொங்கலும் பருவத் தேர்வும் ஒட்டி வந்தால், விழாவை ஒரு வாரம் தள்ளச் சொல்லுங்கள். பானை காத்திருக்கும்.