சப்வூஃபரை ரிசீவரில் இணைப்பது: வயர் ஒன்றுதான், வேலை செட்டிங்கில்

சப்வூஃபர் என்பது தாழ்ந்த (பேஸ்) ஒலிக்கான ஸ்பீக்கர். சுவரில் தனி பிளக் போடும் சப்வூஃபர் என்றால் அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ஒரே ஒரு ஆர்சிஏ வயர் போதும். ரிசீவரின் (ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்) முதுகில் 'சப்வூஃபர் ப்ரீ அவுட்' என்றிருக்கும் இடத்திலிருந்து சப்பின் 'எல்எஃப்இ' (படத்தின் தாழ்ந்த அதிர்வொலிக்கான தனி டிராக்) இன்புட்டுக்குக் கொடுங்கள். இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுச் செருக வேண்டும். ஆர்சிஏவில் நடுமுனைதான் முதலில் தொடும், கிரவுண்டு வளையம் பிறகுதான். ஆன் நிலையில் செருகினால் 'டொம்' என்று ஒரு இடி இடித்து சப்பின் கோன் (ஒலி எழுப்பும் கூம்பு) எகிறும்.

'எல்எஃப்இ' இல்லாமல் லெஃப்ட், ரைட் மட்டும் இருந்தால் லெஃப்டில் செருகினால் போதும். ஸ்பீக்கர் வயர் மட்டும் போகும், கரண்ட் பிளக் இல்லாத பழைய செட்டின் சப் என்றால் அது பாஸிவ், உள்ளே ஆம்ப் இருக்காது. ப்ரீ அவுட்டில் மாட்டினால் முனகக்கூட முனகாது, தனி ஆம்ப் வேண்டும்.

இனிமேல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சப்பின் பின்னால் கிராஸ்ஓவர் குமிழ் ஒன்று இருக்கும். எந்த ஹெர்ட்ஸ் வரை சப் ஒலிக்க வேண்டும் என்ற எல்லை அது. 40, 80, 120 என்று எண்கள் போட்டிருக்கும். அதை 80-ல் வைத்துவிட்டு ரிசீவரிலும் 80 வைத்தால், ஒரே மாவை இரண்டு தடவை சலித்த கதைதான். 80 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி இரண்டு இடத்திலும் வெட்டுப்பட்டு, டிரம் அடியில் கனமே இருக்காது. படத்தின் எல்எஃப்இ டிராக்கில் 120 ஹெர்ட்ஸ் வரை சத்தம் இருக்கிறது, அதன் மேல்பகுதியும் போய்விடும். குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, பிரிக்கும் வேலையை ரிசீவரிடம் விடுங்கள். 'எல்எஃப்இ' இன்புட் பெரும்பாலும் இந்தக் குமிழைத் தாண்டியே போகும். லெஃப்டில் செருகியவர்கள்தான் மறக்கக் கூடாது.

ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் 'யெஸ்', மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்றால் 120. எல்எஃப்இ லோ பாஸும் (அந்த டிராக்கின் மேல் எல்லை) 120. இடுப்புயர டவர் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று போட மனசு வராது. ஆனால் அந்தச் சொல் பெட்டியின் உயரத்தைச் சொல்லவில்லை, தாழ்ந்த ஒலியை சப்புக்கு அனுப்பு என்கிறது, அவ்வளவுதான். 'லார்ஜ்' வைத்தால் படத்தில் அதிரும் சப், ஸ்டீரியோ பாட்டில் வாய்மூடிக்கொள்ளும்.

சப்பின் வால்யூமை நடுவில் வைத்து, அதன் பவர் சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'-க்கு மாற்றிவிட்டு, ரிசீவரோடு வந்த மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து அளக்கவிடுங்கள். முடிந்ததும் சப் லெவலைப் பாருங்கள். மைனஸ் 12 என்று அடிமட்டத்தில் நின்றால், ரிசீவரால் அதற்குமேல் குறைக்க முடியவில்லை என்று அர்த்தம். சப்பின் குமிழைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். 3 மீட்டரில் இருக்கும் சப்பை 4.5 என்று காட்டினால் திருத்தாதீர்கள். சப்பின் உள்சர்க்யூட் உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்து ரிசீவர் கணக்குப் போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் அளவை மட்டும் சரிபாருங்கள். அளந்து முடித்த கையோடு டவரை 'லார்ஜ்' ஆக்கிவிடும் பழக்கம் பல ரிசீவர்களுக்கு உண்டு.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே கொழகொழப்பும். சப்பைத் தூக்கி சோபாவில் வைத்து பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். காதுக்குத் தெளிவாகக் கேட்கும் இடம்தான் சப்புக்கு இடம். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இடம் மாறினால் மைக்கை வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

'ம்ம்ம்' என்று விடாமல் இரைந்தால் முதலில் ஆர்சிஏ வயரைச் சப்பிலிருந்து உருவுங்கள். இரைச்சல் நிற்கவில்லையா, கோளாறு சப்பிலோ அதன் கரண்ட் லைனிலோ இருக்கிறது. நின்றால், வயரைத் திரும்ப மாட்டி, செட்டாப் பாக்ஸில் நுழையும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். இரண்டு இடத்தில் எர்த் ஆகி நடுவில் கிரவுண்டு லூப் உருவாகிறது. சப்பையும் ரிசீவரையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் கேபிள் வயரில் ஐசோலேட்டர் (கிரவுண்டு தொடர்பைத் துண்டிக்கும் சிறு இணைப்பான்) மாட்டலாம். எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும், ஆனால் லீக்கேஜ் வந்த அன்று பெட்டியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். டிடிஎச் வயரில் சாதாரண ஐசோலேட்டரைப் போடாதீர்கள். பாக்ஸிலிருந்து மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்குப் போகும் கரண்ட்டையும் அது மறித்துவிடும், படமே வராது.