பயறு முளைகட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயறு சரியாக முளைக்கவில்லை என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், மூடியைத் திறப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிட முடிகிறது. அந்தப் புளித்த வாடை முதல் ஓராண்டு முழுவதும் என் சமையலறையிலும் வீசியது. உடைத்த பருப்பு முளைக்காது, பழைய பயறு பாதிதான் முளைக்கும் என்பனவற்றை எவரும் ஒருமுறை பட்டாலே தெரிந்துகொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நீரை முழுவதும் வடிக்காமல் விடுவது

பல ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். பயறு முளைக்க ஈரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு இணையாகக் காற்றும் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊறிய விதை மூச்சு விடத் தொடங்கிவிடுகிறது. நீரில் கரைந்திருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் தீர்ந்ததும், மூழ்கிக் கிடக்கும் விதைக்குள் ஆல்கஹால் உருவாகி, முளைக்கரு மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. செத்த விதையில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன.

ஒருமுறை வீட்டு விசேஷத்துக்காக ஒரு கிலோ பாசிப்பயற்றை ஆழமான பாத்திரத்தில் ஊறவைத்து, தட்டால் மூடிச் சாய்த்து நீரை வடித்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் மாலை பார்த்தபோது மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று முளைவிட்டிருந்தது. கையை அடியில் விட்டதும் வழவழவென்று தோல் கழன்ற பயறும், நுரைத்த நீரும் விரல்களில் ஒட்டின. மேலே இருந்ததையாவது காப்பாற்றலாம் என்று நான்கு முறை அலசியும் வாடை போகவில்லை. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகும் நீரைச் சந்தேகிக்காமல், பயறுதான் சரியில்லை என்று நம்பி வேறு வேறு கடைகளில் வாங்கிப் பார்த்தேன். இன்று வருபவர்களும் முதலில் பயற்றைத்தான் குறை சொல்கிறார்கள்.

ஆகவே அகலமான வடிகட்டியில், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பயற்றைப் பரப்புங்கள். ஒவ்வொரு முறை அலசிய பிறகும் வடிகட்டியைச் சாய்த்து வைத்து, கால் மணி நேரம் கழித்து அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் சொட்டு தங்கினால் இன்னும் வடியவில்லை என்று பொருள். துணியில் கட்டுவதானால், பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஈரத்தில் துணி இருக்க வேண்டும். மூட்டையும் சிறியதாக, தளர்வாக இருக்க வேண்டும். முளைக்கும் பயறு வெப்பத்தை வெளிவிடும் என்பதால், பெரிய மூட்டையின் நடுவில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பு நன்றாகவே தெரியும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசச் சொல்வது ஈரத்துக்காக மட்டுமன்று, அந்தச் சூட்டைத் தணிப்பதற்கும்தான்.

ஊறவைக்கும் நேரத்தை நீட்டுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். பாசிப்பயற்றுக்கு 8 மணி நேரமும், கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரமும் போதும்.

விதைப்பதற்கென்று விற்கும் பயற்றை வாங்குவது

பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கக்கூடும், கழுவியும் உண்ணக் கூடாது.

வேர்த்தூவியைப் பூஞ்சை என்று நினைப்பது

வேரைச் சுற்றி மட்டும் பஞ்சுபோல் நிற்கும் மெல்லிய வெண்மை வேர்த்தூவி, அலசினால் படிந்துவிடும். ஒரு பயற்றிலிருந்து இன்னொன்றுக்கு நூலாம்படைபோல் படர்ந்து, மக்கிய வாடையும் அடித்தால்தான் அது பூஞ்சை. முதலாவதைப் பார்த்து நல்ல முளைப்பயற்றைக் கொட்டியவர்கள் ஏராளம்.

ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாக உண்பது

இதில் சோதனை செய்து பார்க்கவே வேண்டாம். சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் முளைகட்டுவதால் நீங்கிவிடாது; நான்கைந்து விதைகளைப் பச்சையாகத் தின்றாலே கடும் வாந்தி வரலாம். கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம் வேகவைத்த பிறகே உண்ண வேண்டும்.

அலசிவிட்டால் பச்சையாக உண்ணலாம் என்று நம்புவது

முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் ஏற்றவையே. விதையின் வெடிப்புகளுக்குள் இருக்கும் கிருமியை அலசி வெளியேற்ற முடியாது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு நான் ஒருபோதும் பச்சையாகக் கொடுப்பதில்லை. ஆவி பறக்க நன்றாக வேகவைத்தே கொடுக்கிறேன்.

ஈரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது

கடைசியாக அலசிய பின் துணியில் பரப்பி, மேலீரம் முழுவதும் உலர்ந்த பிறகே டப்பாவில் போட வேண்டும். டப்பாவின் உள்பக்கம் வியர்த்திருந்தால், மீண்டும் எடுத்து உலர்த்துங்கள். நான் மூன்று நாளைக்குள் சமைத்துவிடுகிறேன். அதற்கு முன்பே பிசுபிசுத்தாலோ வாடை மாறினாலோ, வேகவைத்துப் பார்க்கலாம் என்று எண்ணாமல் கொட்டிவிடுகிறேன்.