நடத்தை விதியில் விட்டுப்போன ஒரு வரி

எங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவி திருத்தம் அனுப்பினார். மூத்தவர் ஒருவர், "இதுகூடத் தெரியாமலா நிரல் எழுத வந்தாய்?" என்று எழுதிவிட்டார். அந்தப் பெண் அப்புறம் வரவேயில்லை.

நடத்தை விதி இல்லாமலில்லை. 2018இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் திட்டமே ஏற்றுக்கொண்ட 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற பொதுவான நடத்தை விதி மாதிரியை நாங்களும் நகலெடுத்துப் போட்டிருந்தோம். திறந்து பார்த்தால், புகார் முகவரியை நிரப்பச் சொல்லும் அடைப்புக்குறி அப்படியே கிடக்கிறது! யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

இரண்டு பேரின் மின்னஞ்சலைப் போட்டோம். ஒருவர் மீதே புகார் என்றால் மற்றவர் விசாரிப்பார். முதலில் தனியாக எச்சரிக்கை, அப்புறம் தற்காலிகத் தடை. மூத்தவரிடம் நானே போனில் பேசினேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். மறுநாள் பார்த்தால் பழைய குறிப்பை அழித்துவிட்டு, "37ஆம் வரியில் காலி உள்ளீட்டையும் சோதித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார்.